மாவில் ஓர் அம்மா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் மெயிலில் எழுதுகிறேன். நீ பேசும்போதெல்லாம் உன் மகள் என் மடியில்தான் இருக்கிறாள்.

வகுப்பில் இது மாவு வாரம். உப்புப் போட்டுப் பிசைந்த கோதுமை மாவு. கையில் வாங்கியதுமே பிள்ளைகளின் தோள்கள் தளர்ந்து இறங்குகின்றன. நீ பார்க்க வேண்டும். எந்நேரமும் கொட்டாவி விடும் ஒருத்தி இருக்கிறாள், அவள் பேரே கொட்டாவிதான். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாம்பு உருட்டினாள். மேசை தீர்ந்துவிட்டது.

"டீச்சர், இன்னொரு மேசை குடுங்க. பாம்பு இன்னும் முடியல."

கொடுத்தேன். இந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

பிறகு, வீட்டில் இருப்பவர்களைச் செய்யச் சொன்னேன். உன் சுண்டு முதலில் என்னைச் செய்தாள். குண்டாக, கொண்டையோடு. அடுத்து, சப்பையாக ஒரு சின்னப் பலகை. அதை டம்ளரில் சாய்த்து நிறுத்தினாள்.

"இது யாரு?" என்றாள் கொட்டாவி.

"எங்கம்மா."

"கண்ணையே காணோம்?"

"இன்னிக்கு சார்ஜ் இல்ல."

வகுப்பே சிரித்தது. சுண்டுவும். நானும். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை. எழுதியிருக்கக் கூடாதோ?

உன் தங்கச்சி


ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

சிரித்தேன். இங்கே முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு ஒரு பெரியவருக்குத் தலை வாரும்போது சீப்பு கைநழுவி விழுந்தது.

அவள் அப்பா போன பிறகு அவளுக்கு இருப்பது நான் ஒருத்தி. அந்த நானும் ஒரு பலகை.

இனி வீடியோவில் வர மாட்டேன். கொஞ்ச நாள் பார்க்காமல் இருந்தால் முகத்தை நினைத்துப் பார்ப்பாள். போட்டோவைக் காட்டு. மாவும் சாயமும் போதும், எழுத்து சொல்லிக்கொடு. 'அம்மா' என்று எழுதட்டும். பள்ளிக்கூடம்தானே அது?

கோபமில்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

கோபமில்லை என்று நீ எழுதினால் எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னபடியே செய்தேன். 'அம்மா' என்று எழுதுகிறாள், அழகாகவே. எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

நீ கூப்பிடும் நேரத்துக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்கிறாள். போட்டோவைக் காட்டினால் திருப்பிப் போடுகிறாள். நேற்று கேட்டாள்: "சித்தி, அம்மாவ நான் ஒடைச்சிட்டேனா?"

அந்த மாவுப் பலகை காய்ந்து, அவள் எடுக்கும்போது இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்துதான் நீயும் வரவில்லை.

இல்லை என்றேன். நம்பவில்லை.

இப்போது எதையும் தொடுவதில்லை. மற்ற பிள்ளைகள் முழங்கை வரை மாவில் அளைகிறார்கள். இவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது, அக்கா. இப்படியே பழகிவிடுவாளோ?

உன் முகம் வேண்டாம் என்றால் வேண்டாம். கையைக் காட்டு. வரும் வியாழக்கிழமை வகுப்பில் போனை மேசைமேல் வைக்கிறேன். மாவு, உப்பு, தண்ணீர். எங்களோடு நீயும் பிசை. நீ மாவு பிசையும் லட்சணம் எனக்குத் தெரியும், பரவாயில்லை.

வருவாயா? அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நீ வராமல் போனால் என்ன செய்வேன்?

தங்கச்சி


ஜூன் 25

என் தங்கச்சிக்கு,

நீ யாருடைய காதிலிருந்தோ மாவை எடுத்துக்கொண்டிருந்தாய், எங்கள் பேச்சு உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீடியோவில் வந்தேன். தண்ணீரை அதிகமாகக் கொட்டிவிட்டேன். மாவு விரலெல்லாம் அப்பிக்கொண்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. போனை வைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"தண்ணி ஜாஸ்தி" என்றாள் திடீரென்று.

"இப்ப என்னடி பண்றது?"

"மாவு போடும்மா. ஐயோ, அவ்ளோ இல்ல! கொஞ்சமா." தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. பக்கத்துப் பிள்ளையின் மாவைப் பிடுங்கியது. பிறகு இன்னொரு கை. "இங்க பாரு, இப்பிடி. உள்ளங்கையால அமுக்கு. பயப்படாத, ஒடையாது."

அமுக்கினோம். என் முகத்தை அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

மணி அடித்ததும் டாட்டா சொல்லாமலே ஓடிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் போனை விடமாட்டேன் என்று அழுகிறவள். திரையில் காலி நாற்காலி. நான் வைக்கவில்லை. காத்திருந்தேன். அப்போது எனக்கு வந்தது சந்தோஷமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்புறம் திரை முழுக்க ஒரு மூக்கு வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய கொட்டாவி.

"ஆன்ட்டி, சுண்டு ஊஞ்சலுக்குப் போயிட்டா. உங்க மாவ மூடி வெக்கச் சொன்னா. காஞ்சிடுமாம். நாளைக்கு வேணுமாம்."

ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அக்கா