மூடி பொருந்தாத கேபினட்

கோபப்படத் தெரியாத என் மாமாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி மட்டும் உண்டு. உங்கள் மகள் மலர் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை சினிமாப் பைத்தியம், உங்களோடு நன்றாக ஒத்துப்போயிருப்பார். நீங்கள் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுத்த முன்னறையை அக்கா ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். அவள் எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை நீங்கள் நம்பிக் காத்திருந்தீர்கள். நீங்கள் போன பிறகு, கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியத்தில் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த ஆடி மாதம் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். மூன்று மணி நேரம் தியேட்டர் நாற்காலியில் உட்கார உடம்பு இடம் கொடுக்கவில்லை. எல்லாப் படத்தையும் முதல் வாரமே பார்த்துவிடுகிற மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை! ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, படம், சேனல், பாட்டு எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடியே பார்ப்பது என்று முடிவு செய்தீர்கள். மதர்போர்டு வந்தது, சேனலை இழுக்கிற டிவி ட்யூனர் கார்டு வந்தது. எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு கேபினட்தான் பாக்கி.

அதில்தான் அக்கா குறுக்கே நின்றாள். "ரூம்ல கீற மாதிரி தகர டப்பா என் ஹாலுக்குள்ள வரக்கூடாது. டிவிக்குக் கீழ வெச்சா வீடியோ டெக் மாதிரி லட்சணமா இருக்கணும். அப்டி கெடச்சா வாங்குங்க, இல்லன்னா வாணாம்."

பதினைந்து வருஷம் உங்களை முன்னறைக் கம்ப்யூட்டரின் அந்தத் தகர டப்பாவுக்குத் தாரைவார்த்துக் கொடுத்தவள் அவள். நீங்களும் மறுபேச்சு பேசவில்லை. படுக்கைவசமான சின்ன கேபினட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பெயரை எழுதி, பார்டர் வரைகிற கிராஃப் தாளிலேயே கார்டின் உயரத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தீர்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்கள் சேலை வியாபாரமும் படுத்துக்கிடக்கும். அதனால் சென்னைக்குப் போக நானே வாய்த்தேன்.

ரிச்சி தெருக் கடையில் நீங்கள் எழுதிய கேபினட் இருந்தது மாமா. எடுத்த எடுப்பில் கண்ணில் பட்டது. கறுப்பாக, கொஞ்சம் தடியாக, பளபளப்பு இல்லாமல் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. ஒல்லியாக, வெள்ளி நிற முகப்போடு, பட்டனைச் சுற்றி நீல விளக்கு எரிய, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினதுபோல உட்கார்ந்திருந்தது. என் கை அதன் மேல்தான் போனது.

நிறத்தை ட்யூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "உள்ள இன்னா கார்டு சார் போடப் போறீங்க? அளவு பாத்துக்கினீங்களா?" என்று கேட்டார். "எல்லாம் சரியா வரும், நீங்க பில்லப் போடுங்க" என்றேன். உங்கள் கிராஃப் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நெசவாளி கொண்டுவருகிற ஒவ்வொரு சேலையையும் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்கிறவன் நான். பின்னால் இழை தொங்கினால் திருப்பி அனுப்புகிறவன். அன்றைக்கு அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கத் தோன்றவில்லை.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். டிவிக்குக் கீழே வைத்து, தள்ளி நின்று பார்த்து, முந்தானையால் துடைத்தாள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே திருப்புளியால் மூடியைக் கழற்றி, போர்டை வைத்து, கார்டைச் செருகினீர்கள். இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூடி பொருந்தவில்லை.

"நான் எழுதுனது இல்லியா மச்சான்?"

"ஸ்டாக் இல்ல மாமா. இதுவே எல்லாத்துக்கும் சேரும்னு கடைக்காரன் சொன்னான்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். அக்கா உடனே அந்தக் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தாள். நீங்கள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். அப்போது உங்களுக்குச் சந்தேகம் வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூடி இல்லாமல் ஓட்டலாமா என்று நான்தான் கேட்டேன். "பக்கத்துல பவர்லூம் ஓடிகினு கீது. பட்டுத்தூசு பூரா உள்ள பூந்துடும்" என்றீர்கள். பழைய தகர டப்பாவுக்குள் போட்டுவிடலாமா என்றும் பேச்சு வந்தது. "ஒரே வாரம் மாமா, மாத்திக் கொண்டாறேன்" என்று குறுக்கே விழுந்து சொன்னது நான். "சரி மச்சான், ஒரு வாரம்தானே" என்றீர்கள்.

மூன்று வாரம் ஆனது. ஒரு வாரம் வெட்கம், இரண்டு வாரம் வியாபாரம். அன்றைக்கே கேட்டேனே என்று கடைக்காரர் சொல்வாரே என்று கூசிக்கொண்டு முதல் வாரம் போகவில்லை. அப்புறம் ஆவணி பிறந்துவிட்டது, கல்யாணச் சேலைக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார். கறுப்புப் பெட்டியோடு ஆரணியில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தால், கதவு பூட்டியிருந்தது. காலையில்தான் உங்களை வேலூருக்குத் தூக்கிப்போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கேபினட் மாறிச்சா?"

"மாறிச்சு மாமா. எல்லாம் ரெடி."

"அப்ப ஊட்டுக்கு வந்து பாக்கலாம்" என்றீர்கள். ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த பிறகு மலரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினாள். கறுப்புப் பெட்டியில் கார்டு அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் படம் ஓடும். நான் மட்டும் உட்கார்ந்ததில்லை. பெயர் போடுவதற்குள் சரக்கு வருகிறது, ஆள் காத்திருக்கிறான் என்று ஏதாவது சொல்லிக் கிளம்பிவிடுவேன். நீங்கள் பார்க்காத படத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

போன வாரம் அக்கா சொன்னாள்: "மலரு ஊட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு ஓணுமாம். நீயே போய் கேபினட் வாங்கியா. அந்த ஏமாத்துக்காரன் கடைக்கு மட்டும் போவாத."

மூன்று வருஷமாக அவள் வாயில் அந்த மனுஷன் படுகிற பாடு கொஞ்சமல்ல. அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டாக் இருந்ததை, அளவு கேட்டதை, வெட்கப்பட்ட வாரத்தை, எதையும் விடவில்லை.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மூணு வாரம்டா" என்றாள். "தெனம் சாயங்காலம் வாசலயே பாத்துகினு இருந்தாரு. பஸ் சத்தம் கேட்டா போதும், மச்சான் வந்துட்டானான்னு கேப்பாரு." அதோடு எழுந்து உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்று வழியில் அழுதேன் மாமா. நீங்கள் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் போன் செய்தாள். "ரிச்சி தெருவுக்குப் போலாம், ஜல்தியா கெளம்பு. நானும் வரேன்."

கடைக்குப் போய் அக்கா நேராக அந்த மனுஷனிடம், "என் தம்பி உங்க மேல அபாண்டமா பழி போட்டான். நானும் தெரியாம மூணு வருஷம் திட்டிகினு இருந்தேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள். அவருக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. பேந்தப் பேந்த விழித்துவிட்டு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். கேபினட்டை அக்காவே பார்த்து எடுத்தாள். மலர் அனுப்பியிருந்த கார்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றச் சொல்லி, தன் கையாலேயே உள்ளே நிறுத்திப் பார்த்தாள். அப்புறம்தான் நிறம் பார்த்தாள்.

திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கிட்ட பொய் சொன்னத நான் மறந்துடுவேன். அவர காக்க வெச்சத மறக்க முடியாதுடா. அதையும் தெரிஞ்சிக்கோ, ஞாயித்துக்கெழம படத்துக்கும் வந்துடு."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு இதைவிட நியாயமாக யார் தீர்ப்பு சொல்லிவிட முடியும்?

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு யார் வந்தாலும் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்வேன். பெயர் போடுவதிலிருந்து கடைசிவரை, விளக்கைப் போடும்வரை, எழுந்திருக்க மாட்டேன் மாமா. இது சத்தியம்.

உங்களைக் காக்க வைத்த மச்சான்,
தனசேகர்
ஆரணி