என்ர மூஞ்சைக்குக் குறுக்கால ஒரு கீறு

மச்சான்,

குசினி சிங்குக்குக் கீழ கை விட்டா, நீ மை துடைச்ச துணி ஒண்டு ஆப்பிட்டுது. நீ கண்ணை மூடி ஆறேழு மாசம், துணி இன்னும் மணக்குது. எங்கட ஆக்களை விட அந்தத் துணிக்கு ரோசம் இருக்கு.

மெரிலேண்ட்ஸில உன்ர கராஜில நீ என்ர மூஞ்சையைக் கீறினது ஞாபகமோ? நான் வாங்கியந்த கொத்துரொட்டி ஆறிப்போச்சு. அந்தக் கடைக்காரன் முட்டையில ஏமாத்துறவன், அது வேற கதை. செப்புத் தகட்டில மெழுகு பூசி, ஊசியால கீறி, அசிட்டில ஊறவிட்டாய். பிறகு மை தேய்ச்சுத் துடைச்சு, ஈரக் கடதாசி வைச்சு உருளையில நெரிச்சாய். உரிச்சுப் பாத்தா, என்ர இடக் கன்னத்துத் தழும்பு வலக் கன்னத்தில!

"டேய், ஆரடா இவன்?" எண்டன்.

"அச்செண்டா மாறித்தான்ரா விழும். நீ கண்ணாடியில பாக்கிற ஆள் இவன்தான்."

அப்பதான் எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் வந்தார். டையும் சென்டும். "அங்கிள், பெயின்டிங் எண்டா ஹோலில கொழுவலாம். இது போட்டோகொப்பி மாதிரியெல்லோ?" எண்டு உன்னைப் பாத்து இளிச்சார். நீ துணியை எடுத்துத் தகட்டைத் துடைச்சாய். அவர் போனாப்பிறகு தகட்டை அந்தத் துணியில சுத்தி என்ர கையில தந்தாய். "நான் செத்தா குறுக்கால ஒரு கீறு போடு. பிறகு ஒருத்தனும் இதில படம் அடிக்கேலாது."

இப்ப சிட்டியில வெள்ளைக்காரர் அச்சுப்படத்தைத் தலையில தூக்கி வைச்சு ஆடினம். உடன எங்கட தலைவருக்கும் கண் திறந்திட்டுது. நேற்று சப்பாத்தோட வந்து என்ர கதிரையில குந்தினார்.

"தகட்டைத் தாங்கோ அங்கிள். இன்னும் கொஞ்சம் அடிச்சு விப்பம். அவற்ற கையெழுத்துக்கு சீல் செய்தாச்சு."

செத்தவன்ர கையெழுத்துக்கு சீல்! மனிசனோ இது?

"போட்டோகொப்பிக்கு ஏன் தம்பி தகடு?" எண்டன்.

"அது அப்ப அங்கிள். இப்ப இது ஃபைன் ஆர்ட்."

அதே இளிப்பு. உண்மையைச் சொல்றன் மச்சான், அதுவரைக்கும் அதைக் கீற எனக்குக் கை வரேல்லை. நீ என்ர கையில தந்த கடைசிச் சாமான் அதுதானே. அந்த இளிப்பைக் கண்டோடன தகட்டையும் ஆணியையும் எடுத்தன். நெத்தியில தொடங்கி நாடி மட்டும், ஒரே இழுவை.

"ஐயோ அங்கிள்! விசரே உங்களுக்கு?"

"ஓம். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

குடிக்காமலே போயிட்டார். சென்ட் மணம் மட்டும் பின்னேரம் வரைக்கும் கிடந்துது.

இண்டைக்குக் காலமை சவரம் எடுக்கேக்க அவன் கண்ணாடியில நிண்டான், நீ கீறின அதே ஆள். தகட்டில கீறு, அவன்ர மூஞ்சையில கீறில்லை. நான் இருக்குமட்டும் இருப்பான். அவனை ஒரு தலைவராலயும் அடிச்சு விக்கேலாது.