சதுர்த்தசியன்று வந்த மீன்

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுபாவுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். தொட்டியில் இருக்கும் இரண்டு பேரும், இன்று காலை பார்த்தவரை, சௌக்கியம். பெர்கன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நாம் பேசும்போது உன்னைப் பெற்ற நைனா என் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் வியாழக்கிழமை அங்கே வர விமானம் ஏறும் உன் சிநேகிதி அறிவுமதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் துக்கச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன இரண்டு ஆரஞ்சு க்ளவுன் மீன்களில் சின்னது ஐப்பசி மழையில் போய்விட்டது. ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் போடச் சொல்லி நீ வைத்திருந்த காற்றுப் பம்பை எடுத்தால் உள்ளே பேட்டரி இல்லை. அதை நைனா டார்ச்சுக்குப் போட்டுக்கொண்டு, கடலை வியாபாரி அல்லவா, குடோனில் மல்லாட்டை மூட்டை நனைகிறதா என்று பார்க்கப் போயிருந்தார். மூட்டை நனையவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் ஒரே மீனை வலது பக்கம் ஒரு தரம், இடது பக்கம் ஒரு தரம் உனக்குக் காட்டி, "இது பெர்சு, தோ இது சின்னது" என்று சொல்லி வருகிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், என்னையும் சேர்த்து மன்னித்துவிடு. போன் வைத்ததும் நேரே தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். பித்தளைக் குத்துவிளக்கைக்கூட இந்த வீட்டில் யாரும் அப்படித் துலக்கியதில்லை.

போன மாதம் திடீரென்று, இன்னொரு மீன் வாங்கி வைத்து அதை நன்றாக வளர்த்துக் காட்டிவிட்டுத்தான் உன்னிடம் உண்மையைச் சொல்வேன் என்று முடிவு செய்தார். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த குளத்தூருக்குப் போய், கடை கடையாக ஏறி, "சைவமா சாப்பிடற கடல் மீன் எதுனா இருக்குதாபா" என்று கேட்டிருக்கிறார். மூன்று கடையில் சிரித்தார்களாம். நான்காவது கடைக்காரர் பிளென்னி என்று ஒன்றைக் காட்டி, "சார், இது கண்ணாடியில படியற பாசிய மேயும், ஆடு மாதிரி" என்றாராம். வாங்கும் முன் அது சாப்பிடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று நீ எழுதி வைத்ததை நினைவில் வைத்திருந்து பார்த்தும் இருக்கிறார். பச்சை படிந்த கண்ணாடியை அது கொத்திக்கொண்டே இருந்ததாம். நைனாவுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? "பாவம், எவ்ளோ அழுக்குல கெடக்குது பாரு."

அவர் போன நாள் சதுர்த்தசி, வழக்கம்போல முழு நோன்பு. மதியத்துக்கு மேல் அமாவாசை பிறந்துவிட்டதால் திரும்பும் பஸ் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். மடியில் தண்ணீர்ப் பையும் அதற்குள் மீனுமாக உட்கார்ந்திருந்தவரிடம் பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னா சாமி, ஒத்த மீன வாங்கினு போற, எத்தினி பேருக்குக் கொழம்பு?" என்று கேட்டிருக்கிறார். வளர்ப்பதற்கு என்று நைனா சொன்னதும், "வளத்து பெர்சாக்கி அடிப்பீங்களா, அதுவும் சரிதான்" என்றாராம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நம் சமண ஆட்கள் யாரோ பார்த்திருக்கிறார்கள். அவர் வீடு வந்து சேரும் முன் உன் மாமா பத்மகுமார் எனக்குப் போன் செய்துவிட்டான். "இன்னாக்கா, சதுர்த்தசியும் அதுவுமா மாமா மீன் வாங்கினு போறாராமே, ஒடம்பு எதுனா சரியில்லையா, டாக்டர் சாப்டச் சொல்லிட்டாரா?"

புது மீனை நம் தண்ணீருக்குப் பழக்கச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதற்காக மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கினார். கடைக்காரர் அரிகிருஷ்ணன் பதறிப்போய் யாருக்கு முடியவில்லை என்று கேட்க, "புதுசா வந்தவருக்கு" என்றாராம். இரண்டு மணி நேரம் டியூப்பைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ணினார். பிறகு உள்ளே விட்டோம். அழகு என்று சொல்ல முடியாது. பழுப்பு நிறம், உருட்டு விழி, ஆபீசில் மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நம்மைப் பார்க்காமலே இருப்பவர் முகம். கல் மேல் ஏறி உட்கார்ந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "பாத்தியா, இதுவும் நோம்பு" என்று நைனாவுக்கு ஒரே பெருமை. மறுநாளும் சாப்பிடவில்லை. அரைக்கீரையை வெந்நீரில் காட்டிப் போட்டார், முருங்கைக்கீரை போட்டார், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் அதன் வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. நைனா தட்டில் வைத்த இட்லியைத் தள்ளிவிட்டு, "இதுவும் என் கையாலதான் போவப் போவுது இந்து" என்று என்னிடம் சொன்னார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நானும் இரண்டு நாளாக உன் நோட்டையும் நெட்டையும் படித்துக்கொண்டிருந்தேன். அன்று தட்டோடு எழுந்தவர் நேரே போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்ததும் எனக்குப் பொறி தட்டியது. விருந்தாளி வந்ததிலிருந்து அதன் சாப்பாடான பாசியை எல்லாம் தினம் இரண்டு வேளை துடைத்து எறிந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். சொன்னால் வாதாடுவார் என்று கண்ணாடியில் ஒட்டித் துடைக்கும் காந்தக் கட்டையை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். வீடெல்லாம் தேடினார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "அழுக்கு இல்லியா அது, சோறா?" என்று கேட்டார். அடுத்த நான்கு நாள் விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட்டு இடது பக்கக் கண்ணாடியில் பச்சை படிவதற்காகக் காத்திருந்தோம். வியாபாரத்துக்குக்கூட அவர் ஒழுங்காகப் போகவில்லை. ஐந்தாம் நாள் காலை அந்தப் பச்சையில் சின்னச் சின்னதாக உதடு பதிந்த தடம், முத்தம் வைத்ததுபோல வரிசையாக. நைனா தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டு அழுக்குக் கண்ணாடியைக் காட்டினார். பத்மகுமாரும் வந்து பார்த்துவிட்டு, குழம்பு விவகாரத்தை அதோடு விட்டான்.

வரும் ஞாயிறு உன்னிடம் சொல்லிவிடுவது என்றிருக்கிறார். தொட்டி முன்னால் நின்று, "சுபா, நைனா மேல கோச்சிக்காத" என்று ஒத்திகை நடக்கிறது. நீ முதல் முறை கேட்பவள்போலக் கேள். சின்னதுக்காக அழவேண்டும் என்றால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இப்போதே அழுதுவிடு. அவர் சொல்லி முடித்ததும், இடது பக்கக் கண்ணாடி ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று மட்டும் ஒரு கேள்வி கேள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். குறுக்கே பேசாதே.

அங்கே மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறதாமே. பொழுது சாய்ந்தால் சாப்பிடக்கூடாது என்பதை அந்த ஊர் சூரியனை வைத்துக் கணக்குப் பார்க்காதே, பசித்தால் சாப்பிடு. நைனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். க்ளவுனுக்குப் போடும் உருண்டை கோதுமையில் செய்தது என்றுதான் அவர் இன்னமும் நம்புகிறார், மீன் தூள் என்று போட்டிருந்த டப்பா லேபிளை நான் கிழித்துவிட்டேன், நீ எதையும் உளறிவிடாதே. நோயில்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் இரு. அறிவுமதியிடம் மல்லாட்டை உருண்டை இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா இந்துமதி