இடக்கையால் வரைந்த முகம்

இன்று காலை ஊசி போடுவதற்காக நர்ஸ் என் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. சன்னலோரத்தில் உன் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவதில்லை. எனக்கும் பேசத் தெம்பில்லை. இரணியலில் பஸ் ஏறி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. அப்புறம் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

நீ இருந்தபோதும் இதே களைப்புதான். பக்கத்தில் பேச ஆள் இருந்தது, அவ்வளவே.

நீ குளச்சல்காரி. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த முதல் நாளே, "ஏட்டி, நீ எந்தூரு?" என்று கேட்டவள். ஷார்ஜாவில் இருந்த உன் மகன், ஊருக்கு வந்த யாரிடமோ, முகம் பார்த்துப் பேசுவதற்கென்று பெரிய திரை வைத்த டேப் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். நீ அதில் எல்லாம் செய்வாய், முகம் மட்டும் காட்டமாட்டாய். அவன் கூப்பிட்டால் கேமராவைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, "நெட்டு கிட்டல மக்கா" என்பாய். நோய் வந்தபின் உன் முகம் கறுத்து, கண்ணெல்லாம் வீங்கிப்போயிருந்தது. அவன் மனதில் இருந்தது, அவனை வழியனுப்பி வைத்த பழைய உம்மா.

அந்த டேப்பில்தான் ஒரு நாள் படம் வரையும் ஆப் ஒன்றைக் கண்டுபிடித்தாய். எனக்கு இடக்கையில் ஊசி. உனக்கு இடக்கை நரம்பு ஒத்துவராமல் வலக்கையில் குத்தினார்கள். அந்தக் கை அசையக் கூடாது. மிச்சமிருந்தது எதற்கும் பழகாத இடக்கை. அதில் டேப்போடு வந்த பேனாவைப் பிடித்து, திரையில் ஒரு டம்ளர் வரைந்தாய். நசுங்கிய செருப்பு மாதிரி வந்தது. நாம் சிரித்துக் குலுங்கியதில் இயந்திரம் கத்தத் தொடங்க, நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். அடுத்து நான் பேனாவை வாங்கினேன். தையல்கடை வைத்து, ஜாக்கெட் கழுத்தைக் கண்ணளவில் வெட்டியவள் நான். ஒரு வட்டத்தை ஒழுங்காக மூட முடியவில்லை.

அதன்பிறகு வெறும் வட்டமும் கோடும்தான். வீடியோவில் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொடுப்பவனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாள் என்று புரிவதற்கே ஒரு மழைக்காலம் போனது. அதுவரை ஒரே தாளில் கண்ணையும் நிழலையும் போட்டுவிட்டு, நிழலை அழிக்கும்போது, "எழவு, கண்ணும் சேந்து போச்சுட்டி" என்பாய். ரத்த அழுத்தம் இறங்கினால் பேனா விரலிலிருந்து நழுவும். சில நாள் ஒரு கோடுகூடப் போடாமல் மூடிவைப்போம். அடுத்த முறை வந்து படுத்ததும், "செரி, வட்டத்த மொதல்லேந்து போடுவோம்" என்பாய். பொறுமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கே போவோம் நாம்?

மகன் லீவில் வருவதாகச் சொன்ன பிறகு உன் முகத்தை வரைய ஆரம்பித்தாய். பழைய கல்யாண வீட்டு போட்டோவைப் பார்த்துதான். நன்றாகவே வந்தது. "கொள்ளாம்" என்றேன். நீ வெகுநேரம் பார்த்துவிட்டு அழித்தாய்.

"ஏன்ட்டி?"

"இது அவனுக்குத் தெரிஞ்ச முகம்லா. அவன் வந்து வாசல்ல நிக்கும்போ வேற ஒருத்தில்லா கதவத் தெறப்பா. பிள்ள பயந்து பேடிச்சிரப்பிடாது. இப்ப உள்ளத வரைஞ்சு முந்தியே அனுப்பணும்."

"அதுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா போராதா?"

"போட்டோல வீக்கம் மட்டுந்தான் தெரியும். நானே வரைஞ்சேன்னா, உம்மாக்கு இன்னும் கை ஓடுதுன்னு தெரியும்லா."

என் போன் கேமராவைக் கண்ணாடி மாதிரி உன் பக்கம் திருப்பி, தலையணையில் சாய்த்துவைத்து வரைந்தாய். கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, கறுத்த கன்னம், வெளிறிய உதடு, எதையும் விடவில்லை. முக்காட்டின் மடிப்பு எப்படி விழும் என்று மட்டும் நான் சொன்னேன். துணி எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் ஆனது.

அனுப்பிய சற்று நேரத்தில் அவன் கூப்பிட்டான். பெருவிரல் கேமராமேல்தான் இருந்தது.

"உம்மா, இது யாரு வரைஞ்சது?"

"நாந்தான். பீச்சாங்கையால."

"மூக்கு கோணிப்போச்சு உம்மா" என்று சொல்லி அழுதான். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே பெருவிரலை எடுத்தாய்.

அவன் வந்தான். லீவு முழுக்க உன் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போய்ச் சில வாரங்கள் இருக்கும். ஒரு நாள் வந்தபோது உன் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஊசிக்குக் கையை நீட்டினேன். வேறு என்ன செய்ய?

மய்யித்தை அடக்க ஓடிவந்த மகன் டேப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனான். பல வாரம் அதைத் தொடவில்லை. இப்போதும் வரையாத நாள்தான் அதிகம். கோடு நடுங்குகிறது, கை சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. இருந்தாலும் என் முகத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் முகம் கழுவியதும் கண்ணாடிக்கு முதுகு காட்டித் துடைப்பதுதான் என் வழக்கமாகிப்போயிருந்தது. இப்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறேன். வீங்கித்தான் இருக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.