பருப்பு வேகும் தண்ணீர்

இன்று காலை மகள் வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரைக்கவில்லை. மதுரையில் புதிதாக எழுந்த குடியிருப்பு, ஆழ்குழாய்த் தண்ணீர். எவ்வளவு தேய்த்தும் கையில் வெள்ளைப் பிசுக்குதான் வந்தது. வாளியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. "அம்மா, உள்ள என்ன பண்றீங்க?" என்று மகள் கதவைத் தட்டினாள். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டிய ஒன்றை இன்னும் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐம்பதுகளின் நடுவில் நம் கல்லூரியில் பெண்கள் மொத்தம் ஏழு பேர். புதுக்கோட்டைக்கு அதுவே அதிகம் என்றார்கள். வகுப்பு முடிந்ததும் 'லேடீஸ் ரூம்' என்ற ஒற்றை அறைக்குள் போய்விட வேண்டும். அடுத்த மணி அடித்து, ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் நாம் வெளியே வரலாம். ஜன்னலில் மூங்கில் தட்டி கட்டியிருப்பார்கள். மத்தியான வெயில் அதன் வழியே கோடுகோடாக விழுந்து, நம் புடவைகளின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த அறையை நினைத்தால் அது எப்போதும் மத்தியானமாகவே இருக்கிறது. யாரோ பாதித் தூக்கத்தில் ஏதோ சொல்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், வெளியே வேப்பமரம் அசைகிறது.

பையன்களுக்கு அவரவர் பாடத்துக்கு ஒரு மரத்தடி இருந்தது. நமக்கோ எல்லாப் பாடத்துக்கும் ஒரே அறை. தமிழ் படித்த நானும், கெமிஸ்ட்ரி படித்த நீயும், கணக்குப் படித்த சரோஜாவும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது அப்படித்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நான் விராலிமலைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகள். நீ திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயதிலேயே உன்னை 'ஆச்சி' என்று கூப்பிட்டுக் கேலி செய்வோம். நீ கோபப்பட மாட்டாய். "கூப்பிடுங்க, கூப்பிடுங்க. பின்னாடி எப்படியும் ஆகத்தானே போறேன்" என்பாய். உன் முந்தானையில் எப்போதும் கெமிஸ்ட்ரி லேப் வாடை இருக்கும்.

ஒருநாள் பிரின்சிபால் நம் மூவரையும் கூப்பிட்டார். திருவரங்குளத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரில் பிளாக் ஆபீசிலிருந்து புதுக் கிணறு வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பாதி ஊர் பழைய ஊருணித் தண்ணீரையே குடித்தது. காரணம் கேட்டுவர அனுப்பிய பையன்கள் வெறும் தாளோடு திரும்பி வந்தார்கள். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் அவர்களிடம் வாயே திறக்கவில்லை. "நீங்க போய்க் கேட்டா சொல்லுவாங்க" என்றார் பிரின்சிபால். கல்லூரி ஆயாவைத் துணைக்குப் போட்டு, ஆபீஸ் ஜீப்பில் செம்மண் பறக்கப் போனோம்.

முதலில் நீதான் பேசினாய். இடுப்பில் குடத்தோடு நின்ற வெள்ளையம்மாள் என்ற பெண்ணிடம், "இந்தக் கிணத்துத் தண்ணியில கால்சியம் சாஸ்தியா இருக்கு" என்றாய்.

வெள்ளையம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "காலா? ஆத்தாடி, நாங்க யாரும் காலை வைக்கிறதில்லம்மா. கயிறு போட்டுத்தான் எறைக்கிறோம்."

ஊருணிக் கரையே சிரித்தது. உன் முகம் சிவந்துபோனது. நான் உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு, "அக்கா, எந்தத் தண்ணியில பருப்பு நல்லா வேகுது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சவுக்காரம் நுரைக்கவில்லை, தலை சிக்குப் பிடிக்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எந்த வீடு எந்தத் தண்ணீர் என்று சரோஜா கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். நீ சிறு சீசாக்களில் தண்ணீர் பிடித்து, சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கிக் காட்டினாய். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அடுத்த முறை போகும்போது விளக்கம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. ஜீப்பில் நீ எனக்கு இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாய்: "கிணத்துத் தண்ணி கடினம், ஆனா குடிக்கக் கெடுதல் இல்ல. ஊருணித் தண்ணி சமைக்கத் தொவைக்க நல்லது. குடிக்கணும்னா மட்டும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். இதை விட்டுறாத."

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். "பருப்பு வேகுற தண்ணிதான் நல்ல தண்ணி!" என்றதும் ஊரே தலையாட்டியது. நீ கடைசி வீட்டில் சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் பேசியது உன் காதில் விழவில்லை.

மூன்றாவது வாரம் அங்கே வாந்தியும் பேதியும் கண்டது. கிணற்றுத் தண்ணீர் குடித்து வந்தவர்களில் சிலரும் என் பேச்சைக் கேட்டு ஊருணிக்கு மாறியிருந்தார்கள். வெள்ளையம்மாளின் மூன்று வயதுப் பெண்ணைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். லேடீஸ் ரூமில் சரோஜா தன் கட்டத்தைப் பிரித்து, நோய் கண்ட வீடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். எல்லாம் ஊருணி வீடுகள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"கொதிக்க வைக்கச் சொன்னியா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

நீ உடனே எழுந்தாய். செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாய்.

குழந்தை கட்டிலில் துணி மாதிரி கிடந்தது. வெள்ளையம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நீங்கதானேம்மா சொன்னீங்க, அதான் நல்ல தண்ணின்னு?"

"நான் சொன்னது தப்புக்கா" என்றேன்.

"நாங்க சொன்னது தப்பு" என்று நீ திருத்தினாய். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கால்சியத்தை எல்லாம் விட்டுவிட்டு, அவள் பேச்சிலேயே, அவசரமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாய். கேட்டவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள் குழந்தை எழுந்து கஞ்சி குடித்தது. அதுவரை நாம் இருவரும் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

பிறகு நம் அறையில் ஒரு வழக்கம் வந்தது. ஊருக்குள் சொல்லப்போகும் எதையும் மற்ற இருவரிடம் முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். நீ அறிவியல் சரியா என்று பார்ப்பாய், சரோஜா எண்ணிக்கையைப் பார்ப்பாள், கேட்பவளுக்குப் புரியுமா என்று நான் பார்ப்பேன். ஒன்றாக அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனோம். குடிக்கக் கிணறு, சமைக்க ஊருணி என்று பெண்களே பிரித்துக்கொண்டார்கள்.

பட்டம் வாங்கியபின் பிளாக்கில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லும் விரிவாக்க வேலைக்கு என்னைத் திருச்சிக்கு இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். "தமிழ் படிச்ச பொண்ணு கிராமத்துக்குப் போய் என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. அந்த ஊரில் நடந்ததைச் சொன்னேன், நம் தப்பையும் சேர்த்து. "நாங்க நாங்கங்கிறியே, யாரந்த நாங்க?" என்றார். உங்கள் இருவரைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். வேலை கிடைத்தது.

உனக்குத்தான் பாடு. சம்பளத்துக்குப் போவது உங்கள் வீட்டில் வழக்கமில்லை. நீ அப்பச்சி என்று கூப்பிடும் உன் அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று எங்களை வைத்து ஒத்திகை பார்த்தாய். சரோஜா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பச்சியாக உட்கார்ந்தாள். நீ சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாய். வீட்டில் நிஜமாகச் சொன்னது ஒரே வாக்கியம்தான் என்று பிறகு எழுதியிருந்தாய்: "படிச்சதெல்லாம் மறந்துபோயிரும்னு பயமா இருக்கு அப்பச்சி." அவர் ஒரு வருஷம் பதில் சொல்லவில்லை. பிறகு அவரே உன்னை ரயிலேற்றிச் சென்னையில் தண்ணீர்ப் பரிசோதனைச் சாலையில் கொண்டுபோய் விட்டார். ஓய்வு பெறும்வரை நீ அங்கேதான் இருந்தாய்.

இப்போது அந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மறக்கவில்லை. கொதிக்க வைக்க வேண்டும் என்பது நாக்கு நுனிவரை வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னால் பேச்சு நீண்டுபோகும், அந்தச் சிரிப்பு அடங்கிவிடும் என்று தெரிந்தே விட்டேன். நீ 'நாங்க' என்று சொன்னபோதுகூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வருஷம், எத்தனையோ கடிதம்! நீ ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாயோ என்னவோ.

முப்பது வருஷம் ஊர் ஊராகப் பேசிப் பிழைத்தவள் நான். ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு நன்றாகப் போய், முகங்கள் மலரும்போது எனக்குள் ஒரு பயம் வரும். உடனே நிறுத்திவிட்டு, கேட்பவர்களுக்குச் சலிப்பூட்டும் அந்த ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்துச் சொல்வேன். கூட்டம் கொஞ்சம் கலையும். கலையட்டும் என்று விட்டுவிடுவேன். இன்றைக்கு இந்தக் கடிதத்திலும் அப்படித்தான்.