பித்தான் தைக்காத பர்ஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் சுகம்தான் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன், என்னிடம் யாரும் நேரில் சொல்வதில்லை. இந்நேரம் உறையைக் கவிழ்த்து, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்த்திருப்பாய். ஒன்றும் இல்லை. நீ ஆசைப்பட்ட பர்ஸ் முடிந்துவிட்டது, ஆனால் தபாலில் வராது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தை நீ அப்படித்தான் படிப்பாய்.

முதலில் என் வழக்கு. போன மாதம் நீ அம்மாவோடு போனில் பேசியபோது நான் பக்கத்திலேயே கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, உன் அம்மா போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் விஷயம் போய்விடும். அந்த நாட்டிலேயே ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் என்றாய், சரி. சாட்சிக்குச் சிநேகிதர்கள் வருகிறார்கள் என்றாய், அதுவும் சரி. அப்புறம் அன்றைக்குக் கையில் பிடித்துக்கொள்ளப் பழைய காலத்துப் பாணியில் சின்னதாக ஒரு கிளட்ச் பர்ஸ் வேண்டும், குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் பின்னியதாக இருக்க வேண்டும், எந்தக் கடையிலும் மனசுக்குப் பிடித்ததாக இல்லை என்று அரை மணி நேரம் அதையே பேசினாய். கடைசியில் போனை வைக்கப்போகிற சமயத்தில், "அப்பாவ எதுக்கும்மா அலைய வைக்கணும், கையெழுத்துப் போடறது பத்து நிமிஷ வேலை" என்றாய். பர்ஸுக்கு அரை மணி, அப்பாவுக்கு அரை வரி. அம்மாவிடம் கேட்டால் அவள் உன் கட்சி. "நீங்கதானே எதுக்கும் கடையை மூட முடியாதுன்னு சொல்வீங்க, பாவம், அவ அதை நம்பிட்டா" என்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதில் நீ நம்பியது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. மழை வரும், குடையை எடுத்துக்கொண்டு போ என்று எத்தனை தடவை சொன்னேன், நம்பினாயா?

அந்த வீம்பில்தான் பர்ஸை நானே பின்னுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உன் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சட்டையில ஒரு பித்தான் அறுந்தா என்னைத்தான் கூப்பிடறீங்க, நீங்க பர்ஸ் பின்னறீங்களாக்கும்" என்றாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா நல்ல மனசோடு, "நான் சொல்லித் தர்றேண்ணே" என்று வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று நானே பார்த்து, காயில் என்கிற கம்பிச் சுருளை நானே கட்டப் பழகியவன் நான். எனக்கு அன்றைக்கும் வாத்தியார் கிடையாது, இன்றைக்கும் வேண்டாம். செம்புக் கம்பியைச் சுற்றுகிற கைக்குப் பருத்தி நூல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். குரோஷா ஊசியும் கொஞ்சம் தடித்த நூலும் வாங்கி வந்தேன். நிறம் நம் கடைச் செம்புக் கம்பி நிறம்தான், அன்றைக்கு நீ என்ன நிறத்தில் உடுத்தப்போகிறாய் என்று கேட்டுச் சொல்லச் சொன்னால் அம்மா மறந்துவிட்டாள். நீயும் என்றைக்காவது பின்ன உட்கார்ந்தால் கறுப்பு நூல் மட்டும் வாங்காதே, புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் பர்ஸின் அகலத்துக்கு ஒரு சங்கிலி பின்ன வேண்டும். பிறகு திரும்பி ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை விட்டு நூலை இழுத்து ஒரு வரிசை, மறுபடி திரும்பி இன்னொரு வரிசை. நீளமாக வந்ததும் மடித்து இரண்டு பக்கமும் தைத்துவிட்டால் பை, மேலே மிச்சமிருப்பது மூடி. இதைப் போய் அரை மணி பேசினாய். ஆனால் காயில் கட்டுகிற பழக்கத்தில் நான் நூலை அப்படி இறுக்கி இழுத்துவிட்டேன், அடுத்த வரிசைக்கு ஊசி நுழையவே இல்லை. "அந்த நூல் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள் அம்மா. கையைத் தளர்த்தினேன். அப்புறம் பார்த்தால் வரிசைக்கு வரிசை அகலம் குறைந்துகொண்டே போகிறது. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஒரு சாண் பின்னுவதற்குள் அது முக்கோணமாகக் கூம்பிவிட்டது. அம்மா அதைத் தூக்கிப் பிடித்து, "இது பர்ஸா, இல்ல குழந்தைக்குக் கழுத்துல கட்டற துண்டா? இப்பவே அவசரப்படாதீங்க, முதல்ல கல்யாணம் முடியட்டும்" என்றாள். தையல்காரம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்பறீங்க" என்றாள். வேண்டுமென்றேதான் விட்டேன். காயில் சுற்றும்போது கடைசியில் வெளியே வருகிற முனையைச் சுற்றாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது இணைப்புக் கொடுக்கிற முனை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல கரண்டு வராது" என்றாள். உன் அம்மா அதை இந்தத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை.

எல்லாவற்றையும் உருவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். நான் கட்டிய காயிலை நானே பிரித்ததாகச் சரித்திரம் இல்லை. முக்கோணத்தை அலமாரிமேல் வைத்துவிட்டு இரண்டு பேரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது, கூம்பிய பக்கம்தானே கூம்பிவிட்டது, நான் ஆரம்பித்த சங்கிலி இன்னும் முழு அகலத்தோடு அப்படியே இருக்கிறது. அந்தச் சங்கிலியின் மறுபக்கத்தில் நூலைக் கோத்து எதிர்த் திசையில் பின்னினேன், இந்தத் தடவை கடைசிக் கண்ணியை ஒரு வரிசையிலும் விடவில்லை. ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தது. அந்த நேரான பகுதியை மடித்துத் தைத்தால் பை, முன்னால் வந்து விழுகிற முக்கோணம் மூடி, அசல் பழைய காலத்துக் கடித உறை மாதிரி. தையல்காரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வேணும்னேதான் இப்படிப் பண்ணீங்களாண்ணே?" என்றாள். பின்னே என்ன என்றேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். பர்ஸின் உள்துணி அவள் தைத்தது, அதை எழுதாமல் விட்டால் சாப்பாடு கிடைக்காது என்பதால் எழுதுகிறேன்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். சாட்சிகளை எண்ணினாய், சிநேகிதர்களை எண்ணினாய், போட்டோ எடுக்கிறவனைக்கூட எண்ணினாய், ஓரத்தில் நிற்கிற இரண்டு பேரை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டாய். இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று அம்மாவிடம் மட்டும் கேட்காதே, பதிலை உடனே தயாராக வைத்திருக்கிறாள்.

பர்ஸ் தபாலில் வராததற்குக் காரணம் இதுதான். மூடியின் நுனியில் நூல் வளையம் போட்டாயிற்று, அதில் மாட்டுகிற பித்தான் இன்னும் தைக்கவில்லை. உள்ளே வைக்க வேண்டியதை எல்லாம் வைத்து மூடி, வளையம் எங்கே வந்து விழுகிறதோ அங்கேதான் தைக்க வேண்டும் என்கிறாள் தையல்காரம்மா, இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்கிறேன். நீ அன்றைக்கு உள்ளே எதையெல்லாம் திணிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் பள்ளிக்கூடப் பை ஒரு நாளும் மூடியதில்லை. அதனால் உன் பொருள்களை உள்ளே வைத்து, உன் கண் முன்னால்தான் பித்தான் தைக்கப்படும். அதை யார் தைப்பது என்று யோசிக்காதே, இப்போது பித்தான் தைக்கவும் பழகிவிட்டேன், என் சட்டை மூன்றில் பழகியாயிற்று.

நான் வரட்டுமா என்று கேட்கிற ஆள் நான் இல்லை, அது உனக்குத் தெரியும். இங்கே நடப்பதைத்தான் எழுதுகிறேன். அம்மா பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டோ எடுக்கப் போனாள், துணைக்குப் போன என்னையும் உட்காரவைத்து ஒன்று எடுத்துவிட்டார்கள். சிரிக்கக் கூடாது என்றார்கள், எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. கடைக்கு ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறேன், "கடை மூடியிருக்கும்" என்று. நேற்று தண்ணீர் மோட்டார் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று பதறிவிட்டார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு தூங்காதே. நீ அனுப்பிய போட்டோவில் உன் பக்கத்தில் கதவு நிலை இடிக்கிற மாதிரி நிற்கிறானே அந்த நெட்டை, அவனை விசாரித்ததாகச் சொல். நேரில் பார்க்காமல் யாரையும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற வழக்கம் எனக்கு இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டாலும் அன்றைக்கே முடித்துக்கொண்டு, குறையொன்றும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள், இது என் மனமார்ந்த ஆசி, அம்மாவுடையதும் இதிலேயே அடக்கம்.

மறக்காமல் ஒன்று. இதைப் படித்ததும் போன் செய்வாய், வழக்கம்போல அம்மா போனுக்குச் செய்யாதே, என் போனுக்குச் செய். சாயங்காலத்துக்கு மேல் கடையில் மோட்டார் சத்தம் இருக்காது. சாக்குக்கட்டி பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நீ தேதியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைசிக் கண்ணியை இனி விடாத
உன் அப்பா