தாரகாவின் முப்பத்தொன்று

மோர்டன், இலண்டன்
14.11.2024, வியாழக்கிழமை

அன்புள்ள பிறேமினி அக்காவுக்கு,

இதைக் கையால் எழுதிப் படம்பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். மாமி பக்கத்தில் இருந்தால் இப்போது வாசிக்க வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, இருந்துகொண்டு வாசியுங்கள்.

எங்கள் பிள்ளை இல்லை அக்கா. ஐந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போய்விட்டாள். பத்தொன்பது நாள் இருந்தாள். இந்தத் திங்கட்கிழமை அடக்கம் செய்தோம்.

கலியாணப் பேச்சுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் என்னை வாய்க்காரன் என்று பகிடி பண்ணுவீர்கள். அந்த வாய்க்காரனுக்கு ஒன்பது நாளாக இந்த ஒரு வரி வாயில் வரவில்லை. பஸ்ஸில் எண்பது சனத்தை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான், போனை எடுத்து ஒரு ஆளுக்கு ஒரு செய்தி சொல்லத் தெரியாமல் நின்றேன். என்னை எவ்வளவு ஏச வேண்டுமோ ஏசுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்த பிறகு ஏசுங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கானிலேயே எங்களுக்குத் தெரியும். பிள்ளையின் இதயத்தில் இடது பக்கம் வளரவேயில்லை என்றார்கள். பிறந்த கிழமையிலேயே ஒரு ஒப்பரேஷன், பிறகு இன்னும் இரண்டு, அதுவும் தாங்கினால்தான் என்றார்கள். வேண்டாம் என்றால் இப்போதே நிற்பாட்டலாம் என்று டொக்டர் சொல்லத் தொடங்க, உங்கள் தங்கச்சி ஜது கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தோம். வாசலில் வைத்து, அம்மாவுக்கும் அக்காவுக்கும் இது தெரியக்கூடாது என்று மட்டும் சொன்னாள். மாமிக்குப் பிரஷர் என்பது ஒரு காரணம். மற்றது, பிள்ளை பிறக்க முதலே எல்லாரும் அழத் தொடங்கிவிடுவார்கள் என்று பயந்தாள். அவள் சந்தோசமாகப் பிள்ளை சுமக்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

அதனால்தான் பிள்ளைக்குக் கொஞ்சம் சளி, ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். படம் அனுப்பச் சொல்லி நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். கண்ணூறு படும், முப்பத்தோராம் நாள் கழியட்டும் என்று நான் சொல்ல, மாமி அதை மெச்சினா. இலண்டனில் இருந்தாலும் மருமகன் முறை தெரிந்தவர் என்று சொன்னாவாம். அக்கா, படம் அனுப்பியிருந்தால் முகத்தைவிட டியூப்தான் கூடத் தெரிந்திருக்கும்.

ஒப்பரேஷன் முடிந்தும் இரண்டு நாளாக நெஞ்சைத் தைத்து மூடவில்லை. மேலே மெல்லிய உறை ஒன்று போட்டிருந்தார்கள். அதுக்குள்ளால் இதயம் அடிப்பது தெரிந்தது. நான் ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஜது போகவில்லை. காலமையிலிருந்து பொழுதுபடும்வரை கட்டிலடியில் நின்று, தன்னுடைய சின்னவிரலைப் பிள்ளையின் கைக்குள் வைத்திருந்தாள். மூன்றாம் கிழமை சிறுநீரகமும் களைத்துவிட்டது. இனி இழுத்துக்கொண்டு போவது பிள்ளைக்கு நோவுதான் என்று சொன்னார்கள். மரினா என்று ஒரு தாதி, எங்கள் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பார்த்தவள், எல்லா வயரையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குளிப்பாட்டி, ஜதுவின் மடியில் வைத்தாள். ஜது தன் பிள்ளையை மடியில் வைத்தது அதுதான் முதல்தரம். நாற்பது நிமிடம். அதுக்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத ஏலாது.

பிறப்பையும் நாங்கள் அதுவரை பதியவில்லை. ஆகவே கவுன்சில் கந்தோரில் ஒரே மேசையில், ஒரே மனிசி, பிறப்பையும் இறப்பையும் பதிந்தா. பிறப்புப் பத்திரத்தை மடித்து உறைக்குள் போட்டுத் தந்துவிட்டு, கொஞ்ச நேரம் பேனையைக் கீழே வைத்திருந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினா. பெயர் தாரகா. ஜது வைத்த பெயர்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். பிள்ளை போன மூன்றாம் நாள் கோயில் ஐயரைக் கேட்டேன். பல்லு முளைக்காத பிள்ளைக்கு எரிக்கிறதில்லை, புதைக்கிறதுதான், முப்பத்தொன்றும் செய்யத் தேவையில்லை என்றார். அந்தச் சூட்டோடு, இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடுவது என்று மாமிக்குப் போன் எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், முப்பத்தொன்று செய்யத் தேவையில்லையாம் என்று ஐயர் சொல்லிவிட்டார் மாமி என்றேன். அதிலேயே விளங்கிக்கொள்ளுவா என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் பிள்ளை பெத்த தீட்டை, துடக்கை, கழிப்பதும் முப்பத்தொன்று, செத்தவருக்குக் கிரியை செய்வதும் முப்பத்தொன்று. மாமி பிள்ளை பிறந்த முப்பத்தொன்றைத்தான் எடுத்தா. எடுத்த எடுப்பிலேயே ஐயரைப் பிடித்து ஏசினா. முதல் பிள்ளை, துடக்குக் கழிக்காமல் விடுகிறதோ, அவர் என்ன ஐயர் என்று கேட்டா. தான் பிள்ளையின் கழுத்துக்குப் பஞ்சாயுதச் சங்கிலி செய்யக் குடுத்தாச்சு, ஊருக்கு வந்து நிற்கிற கோபாலகிருஷ்ணன் அண்ணையிடம் குடுத்து விடுகிறன், அன்றைக்குப் பிள்ளைக்குப் போட்டுப் போனில் காட்ட வேண்டும் என்றா. நான் ஓம் மாமி என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன் அக்கா. 

நேற்று முன்தினம் கோபாலகிருஷ்ணன் அண்ணை வந்தார். ஒரு மாதம் ஊரில் நின்றவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கடைக்குப் போயிருந்த நேரம். பார்சலை ஜதுவின் கையில் குடுத்து, பிள்ளை நித்திரையோ, எழுப்ப வேண்டாம், பிறகு வந்து பார்க்கிறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வரும்போது ஜது மேசையில் இருந்தாள். ஒரு பக்கம் பிள்ளை பெத்தவளுக்குக் கறி வைக்க மாமி இடித்து அனுப்பிய சரக்குத்தூள். மற்றப் பக்கம் அந்தச் சின்னச் சங்கிலி. அம்மாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் என்று கேட்டாள். சொன்னேன். என்னைத் தின்னப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஏசவில்லை. அம்மா சொன்னது சரி என்றாள். செத்ததுக்கு முப்பத்தொன்று இல்லையென்றால் இல்லாமல் போகட்டும், பெத்ததுக்கு இருக்குதுதானே என்றாள். இந்தச் சனம் எல்லாம் வந்து, சின்னப் பிள்ளைதானே, துடக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, இன்னொன்று பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறது. நான் பெத்த துடக்கு மட்டும்தான் எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று சொல்லிக்கொண்டு இருக்குது, அதை ஒருதரும் தேவையில்லை என்று சொல்ல ஏலாது என்றாள். பிறகு பிள்ளை போன நாளுக்குப் பிறகு முதல்தரமாக அழுதாள். அழுது முடித்து, சரக்குக்கறி வைக்கச் சொன்னாள். நான் வைத்ததில் உறைப்பு கூடிப்போச்சு. ஆனாலும் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. காலமை தலைக்கு முழுகி, வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளிப்போம். மரினா எடுத்த படம் ஒன்று இருக்கிறது, டியூப் இல்லாத படம். அதுக்கு மாலை போடமாட்டாளாம், பஞ்சாயுதத்தைத்தான் போடுவாளாம். நான் மறிக்கவில்லை. பால் இன்னும் கட்டிக்கொண்டு நோகிறது என்கிறாள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றும் என்கிறார்கள், அது சரியோ என்று தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு இதெல்லாம் ஆரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மாமிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரஷர் குளிசை போட்ட பிறகு, மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். என்னைப் பொய்க்காரன் என்று சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனுக்கு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். இன்னொன்று பிறக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்ல வேண்டாம்.

ஒரு பிள்ளை பிறந்தால் சனம் முதலில் என்ன கேட்கும்? ஆரைப்போல என்று கேட்கும். ஜதுவிடம் இன்றுவரை ஒருதரும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள் அக்கா. பிள்ளை ஆரைப்போல என்று ஒருக்கால் கேளுங்கள். அவள் என்ன சொல்லுவாள் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன், அந்த நேரம் நீங்கள் கலங்கிப் போனை வைத்துவிடக்கூடாது என்பதற்காக. உங்களைப்போல, அக்கா. நெற்றியும் நாடியும் அப்படியே நீங்கள்தான்.

உங்கள் தம்பி,
கிருஷாந்